‘உலக முடிவி’ல் ஓர் இளவேனிற் காலை

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்பது நம் முன்னோர் வகுத்த பெரும்பொழுதுக் கணக்கு. வகுப்பில் அதனைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர் முகத்தில் ஒரு குறுநகை தோன்றுவதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் நகைப்பதிலும் நியாயமுண்டு. யாழ்ப்பாணத்துச் சித்திரையில் வேம்பு பூக்கிறது. மாவும் பலாவும் கனிகின்றன. ஆயின் வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. கிணற்று நீர் அடியிற் கிடக்கிறது. நண்பகலில் நாய்கூடத் தெருவுக்கு வருவதில்லை. “சேர், இளவேனில் எண்டு புத்தகத்திலதான் இருக்கு, எங்கட ஊரில எங்க இருக்கு?” என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டான். அந்தக் கேள்வியே எங்கள் பயணத்துக்கு வித்தாயிற்று.

2024ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையில், உயர்தர வகுப்பு மாணவர் பதினொருவரும், சக ஆசிரியர் ஒருவரும், நானுமாக ஒரு வாடகை வானில் மலைநாட்டை நோக்கிப் புறப்பட்டோம். நுவரெலியாவில் உள்ள கல்வேஸ் தேசிய பூங்காவையும் அதற்கப்பாலுள்ள ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவையும் காண்பது எங்கள் நோக்கம்.

வடக்கிலிருந்து மலைக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரையுள்ள ஏ-9 நெடுஞ்சாலை ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமானது. விடிவதற்கு முன்னரே ஆனையிறவைக் கடந்தோம். கிளிநொச்சியில் எங்கள் மாணவன் ஒருவன் வீதியோரத்தில் தன் தாயுடன் காத்து நின்றான். எங்கள் கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவன், அதிகம் பேசாதவன். அவனுடைய தாயார் எல்லோருக்குமாகப் புட்டும் சம்பலும் வாழையிலையிற் பொதி செய்து கொடுத்தனுப்பினார். வானில் ஏறியதும் அவன் என்னிடம் மெதுவாக, “சேர், அக்கரப்பத்தனைப் பக்கம் போவமா? எங்க தாத்தாவோட ஊரு” என்றான். 1977ஆம் ஆண்டு இனக் கலவரத்தின் பின்னர் அந்தத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம் அவனுடையது என்பதை அன்றுதான் அறிந்தேன். இரண்டாண்டுகள் அவனுக்குத் தமிழ் கற்பித்தும் அதனை நான் கேட்டறியவில்லை என்று எண்ணியபோது எனக்குச் சிறிது வெட்கமாகவே இருந்தது. திரும்பும் வழியிற் போகலாம் என்று வாக்களித்தேன்.

வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை என்று ஊர்கள் பின்னே ஓடின. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலை வணங்கி, அங்கேயே சிறிது இளைப்பாறினோம். கோயில் வாசலில் வைத்து மாணவருக்கு ஒரு வரலாற்றைக் கூறினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து தோணிகளில் வந்த தமிழ் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக இந்த மாத்தளையை வந்தடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டவர் பலர். நாம் மெத்தை இருக்கையில் அமர்ந்து சில மணி நேரத்திற் கடந்த தொலைவை அவர்கள் குழந்தைகளைச் சுமந்து பல நாள் நடந்தார்கள். கிளிநொச்சி மாணவன் கோயிற் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்டியைத் தாண்டிப் பேராதனை, கம்பளை, புசல்லாவை வழியாக வான் மலை ஏறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு காற்றின் வெம்மை குறைந்தது. றம்பொடையில் அருவி வெள்ளிக் கம்பியென வீழ்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் லபுக்கலைத் தேயிலை மலைகள். சீவி வைத்தாற்போன்ற அப்பசுமையைக் கண்டு மாணவர் ஆரவாரித்தனர். இந்தப் பசுமை இயற்கை தந்ததன்று என்பதை அவர்களுக்கு நினைவூட்டினேன். ஒரு காலத்தில் இம்மலைகள் யாவும் பெருங்காடுகள். கோப்பிக்காக அவை வெட்டி எரிக்கப்பட்டன. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் ரெயிலர் என்பார் லூல்கந்துரையில் நட்டிருந்த தேயிலை பின்னர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

நுவரெலியாவில் ஒரு மாலை

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரம் சித்திரையிற் பூக்கோலம் பூணுகிறது. குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் வசந்த விழாவுமாக நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து கூடுகின்றனர். நாங்களும் அக்கூட்டத்தில் மெல்ல ஊர்ந்தோம். வழியெங்கும் வண்ண மலர்கள். அவற்றின் காலடியில் வெற்றுப் போத்தல்களும் பிளாஸ்திக் பைகளும். “இளவேனில் வந்திட்டுது, சேர்; குப்பையும் வந்திட்டுது” என்றான் முன்னர் கேள்வி கேட்ட மாணவன்.

மாலையிற் கல்வேஸ் பூங்காவுக்குச் சென்றோம். முப்பது ஹெக்டேயருக்கும் குறைந்த சிறு காடு அது. 1938இல் சரணாலயமாக்கப்பட்டு, 2006இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பெற்றது. நகரின் இரைச்சலுக்கு அருகிலேயே இப்படியோர் அமைதி இருப்பது வியப்பே. வடக்கே இமயத்திலிருந்து வந்து மாரியை இங்கு கழிக்கும் பறவைகள் பல சித்திரைக்குள் ஊர் திரும்பிவிடுகின்றன. இந்நாட்டுக்கே உரிய மஞ்சட்காதுக் கொண்டைக்குருவிகள் மட்டும் கிளைக்குக் கிளை தாவி எங்களை வரவேற்றன.

சமவெளியை நோக்கி

மறுநாள் அதிகாலை நாலரை மணிக்கே புறப்பட்டோம். ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் காலை ஒன்பது மணிக்குள் ‘உலக முடிவை’ அடைந்துவிட வேண்டும். அதன் பின் மஞ்சு மூடிவிடும் என்று அனுபவமுள்ளவர் கூறுவர். அம்பேவெலப் பாற்பண்ணையின் புல்வெளிகளையும், இருளிற் பூதங்கள் போற் கை சுழற்றும் காற்றாலைகளையும் கடந்து பட்டிப்பொலையை அடைந்தோம். இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் இதுவே. அங்கிருந்து ஒடுங்கிய பாதை செங்குத்தாக ஏறுகிறது.

நுழைவாயிலிற் பணியாளர்கள் எங்கள் பைகளைச் சோதித்தனர். பொலித்தீன் எதனையும் உள்ளே கொண்டுசெல்ல அனுமதியில்லை. பிஸ்கற் உறைகளையெல்லாம் பிரித்து வாங்கிக்கொண்டனர். முதல் நாளைப்போலவே அன்றும் கிளிநொச்சி மாணவன் எங்கள் காலையுணவை வாழையிலையிற் கட்டுவித்திருந்தான். அந்தப் பொதியைக் கண்ட பணியாளர் முறுவலித்துத் தலையசைத்தார். இச்சோதனை வீண் தொந்தரவன்று. வாகனத் தரிப்பிடத்தின் அருகே மரைகள் மனிதரை அஞ்சாமல் நின்றன. உணவு மணம் வீசும் பொலித்தீனை உண்டு அவை மடிவதுண்டு என்று அப்பணியாளர் சொன்னபோது, முன்பு கடிந்துகொண்ட மாணவரும் அடங்கிப்போயினர்.

சிங்கள மக்கள் இதனை ‘மகா எலிய தென்ன’ என்று வழங்கி வந்தனர். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்கு இட்டனர். ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் பரப்பு. 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரம். கிரிகல்பொத்தை, தொட்டுபொல என்னும் இரு சிகரங்கள் காவலாளர்போல் இங்கு நிற்கின்றன. பீதுருதாலகாலைக்கு அடுத்தபடியாக இலங்கையில் உயர்ந்தவை இவையே. 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட இச்சமவெளி, 2010இல் சிவனொளிபாத மலைக் காட்டுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

கதிரவன் எழும் வேளை. பொன்னிறப் புல்வெளியில் பனித்துளிகள் மின்னின. ஓரங்களிற் குடை விரித்தாற்போன்ற தலையுடன் கீனா மரங்கள். இடையிடையே முறுக்கிய அடிமரத்துடன் நின்ற மரங்களிற் குருதிச் சிவப்பாகக் கொத்துக் கொத்தாய் மலர்கள். சிங்களத்தில் ‘மகா ரத்மல்’ எனப்படும் றொடடென்ரன் அது. இமயமலையில் வளரும் மரத்தின் உடன்பிறப்பு. இங்குள்ள ‘நெலு’ச் செடிகளோ நம் சங்க இலக்கியக் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுட் சில பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையே பூப்பன. 2013இல் இச்சமவெளியில் அவை பெருந்திரளாய்ப் பூத்தன. குறிஞ்சித் திணையை ஏட்டில் மட்டும் படித்த மாணவர் அச்செடியின் இலையைத் தொட்டுப் பார்த்தனர். “இளவேனிலைக் கண்டாயா, தம்பி?” என்று கேள்வி கேட்டவனை வினவினேன். பற்கள் கிட்டித்திருந்தமையால் அவன் தலையை மட்டும் அசைத்தான்.

மஞ்சு காட்டிய பாடம்

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். சிறிய ‘உலக முடிவை’க் கடந்து பெரிய ‘உலக முடிவை’ அடைந்தபோது மணி எட்டே கால். நிலம் அங்கே திடீரென அறுந்து ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குச் செங்குத்தாய் இறங்குகிறது. வானம் தெளிந்திருந்தால் தென்கடலின் கோடும் தெரியும் என்பர். ஆனால் அன்று எங்களுக்குத் தெரிந்தது வெள்ளைச் சுவர் ஒன்றே. ஒன்பது மணிக்குக் காத்திராமல் மஞ்சு முந்திக்கொண்டுவிட்டது.

“சேர், ஒண்டுமே தெரியேல்லை! இவ்வளவு தூரம் இதுக்கே வந்தனாங்கள்?” என்று மாணவர் சோர்ந்து அமர்ந்தனர். எனக்கும் உள்ளூர ஏமாற்றந்தான். செலவுக்குப் பெற்றோரிடம் கைநீட்டியவன் நானல்லவா? வாழையிலைப் பொதிகளைப் பிரித்து உண்டபடி அரை மணி நேரம் இருந்தோம். அப்போது பக்கத்துக் காட்டிலிருந்து ‘சொட்டுச் சொட்டு’ என்று ஓர் ஓசை. மழை இல்லை, ஆயினும் ஒவ்வொரு மரத்திலிருந்தும் நீர் சொட்டியது. கிளைகளிற் பாசியும் தாடி போன்ற செடிகளும் படர்ந்திருந்தன. ஒரு மாணவன் பாசியை விரலால் மெல்ல அழுத்த, நீர் வழிந்து அவன் மணிக்கட்டை நனைத்தது.

அதன் பின்னரே எனக்குப் பேச்சு வந்தது. “நீங்கள் ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்கள். காண வேண்டியதையே கண்டுகொண்டிருக்கிறீர்கள்” என்றேன். கடலிலிருந்து எழுந்து வரும் ஈரக்காற்று இம்மலைமுகட்டில் மோதி மஞ்சாகிறது. மஞ்சின் நுண்துளிகளை இலையும் பாசியும் வடிகட்டிப் பிடிக்கின்றன. துளிகள் திரண்டு மண்ணில் வீழ்கின்றன. மக்கிய தழையாற் கறுத்த இம்மண் அதனைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாய் ஓடைகளுக்குக் கொடுக்கிறது. மழை பெய்யாத நாளிலும் ஓடை வற்றாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கு பிறக்கும் நீரோடைகள் மூன்று பேராறுகளுக்கு ஊட்டமளிக்கின்றன. களனி கொழும்பின் வடக்கே கடலை அடைகிறது. வளவை அம்பலாந்தோட்டையில் தென்கடலிற் கலக்கிறது. மகாவலியோ நீண்ட தூரம் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் சங்கமமாகிறது. மூதூர் வயலிற் பாயும் நீரில் இந்த மஞ்சின் ஒரு துளி இருக்கக்கூடும்.

ஆறில்லாத ஊரிற் பிறந்த பிள்ளைகள் அவர்கள். நிலத்தடிச் சுண்ணக்கற் பாறையில் மழை தேக்கி வைக்கும் நீரையே துலா மிதித்தும் பின்னர் இயந்திரம் வைத்தும் இறைத்து வாழ்ந்தவர் நம்மவர். தண்ணீரின் அருமையை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. எல்லோரும் மௌனமாய் அந்தச் சொட்டோசையைக் கேட்டனர். “அப்ப இது இலங்கைக்கே கிணறு, சேர்” என்றான் ஒருவன். அதைவிடச் சிறந்த விளக்கம் என்னிடம் இல்லை.

புறப்பட எழுந்தபோது காற்று ஒரு கணம் திரும்பிற்று. மஞ்சு கிழிந்தது. காலடியில் அதலபாதாளம், அதன் அடியிலே பசுந்தேயிலை, அதன் நடுவே நெருப்புப்பெட்டிகளை அடுக்கினாற்போல வீடுகள். நொன்பரேல் தோட்டம் அது. ஒரு நிமிடம் இருக்கும். மறுபடி வெண்மை மூடிற்று. “உலகம் முடிஞ்சிட்டுது எண்டு பேர் வைச்சிருக்கினம், கீழே ஆக்கள் இருக்கினமே!” என்று ஒருவன் சொன்னான். கிளிநொச்சி மாணவன் ஒன்றும் சொல்லவில்லை.

காப்பாற்றிய ஒரு சொல்

திரும்பும் பாதையிற் பெலிஹுல் ஓயா பேக்கர் அருவியாக வீழ்கிறது. உயரம் இருபது மீற்றரளவே ஆயினும் அகன்று விரிந்த அழகிய அருவி. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கில வேட்டைக்காரரின் பெயர் அதற்கு. அவர் காலத்தில் இங்கு யானைகளும் திரிந்தன. இன்று ஒன்றேனும் இல்லை. தோட்டத் துரையாகிய தோமஸ் பார் என்பவர் பெயரால் 1901இல் அமைந்த வேட்டை விடுதி இப்பொழுது பார்வையாளர் நிலையமாயிருக்கிறது. 1960களில் இச்சமவெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கும் பயிரிட்டனர்.

இத்தனைக்கும் தப்பி இக்காடு நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. தாவரவியலறிஞர் சேர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஓர் அறிவுரை வழங்கினார். 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டாது விடவேண்டும் என்பது அது. நீரைக் காக்க வேண்டின் காட்டைக் காக்க வேண்டும் என்று அன்றே உணர்ந்து சொன்ன சொல். குடியேற்ற ஆட்சி அதனைச் செவிமடுத்தது. அச்சொல் காத்த காட்டிலேதான், அறுபதாண்டுகளுக்கு மேலாக அழிந்துவிட்டதென்று கருதப்பட்ட மலைத் தேவாங்கு மீண்டும் காணப்பட்டு, 2010இல் அதன் படம் உலகுக்கு வெளிவந்தது.

ஆயினும் கவலைக்கு இடமில்லாமலில்லை. கீனா முதலிய மரங்கள் பல இடங்களில் நுனியிலிருந்து பட்டு, வெள்ளெலும்புகள்போல் நிற்பதைக் கண்டோம். அயல்நாட்டிலிருந்து வந்த முட்செடியொன்று மஞ்சட் பூவுடன் புல்வெளியிற் பரவுகிறது. அதன் அழகைக் கண்டு படம் பிடித்தவர்களுக்கு, அது இம்மண்ணின் புல்லை விழுங்க வந்த விருந்தாளி என்பதை யார் சொல்வார்?

ஒரு போத்தல் நீர்

வாக்களித்தபடி மறுநாள் நானுஓயா, லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குச் சென்றோம். சமவெளியின் விளிம்பு மலைகள் அங்கே தலைக்கு மேல் நிற்கின்றன. அவற்றின் மறுபுறத்தே முதல்நாள் நாம் நடந்தோம். பாலத்தின் அருகே வான் நின்றது. கீழே அக்ரா ஓயா கற்களிடையே சலசலத்து ஓடியது. கொழுந்துக் கூடையுடன் வந்த முதியவள் ஒருத்தியிடம் மாணவன் தன் தாத்தாவின் பெயரைச் சொல்லி விசாரித்தான். அவளுக்குத் தெரியவில்லை, “அந்தக் காலத்துல போனவங்க எத்தனையோ பேருய்யா” என்றாள்.

அவன் ஆற்றில் இறங்கி முகம் கழுவினான். பின்னர் என்னைப் பார்த்து, “எங்க தாத்தா குடிச்ச தண்ணி நேத்து நாம பாத்த காட்டுலயிருந்துதானா சேர் வந்திச்சு?” என்று கேட்டான்.

“ஓம் தம்பி, அங்கேயிருந்துதான்.”

பூங்காவில் எதனையும் எடுக்கலாகாது என்பதை நினைத்தவன்போல், “இங்க எடுக்கலாந்தானே?” என்று மறுபடியும் கேட்டுக்கொண்டே தன் தண்ணீர்ப் போத்தலை நிரப்பினான். கிளிநொச்சியிற் பாட்டி இருக்கிறாள், அவளுக்காம். அம்முதியவள் அந்த நீரைத் தலையிற் சிறிது தெளித்துக்கொண்டு, மிகுதியை முற்றத்துப் பலாக்கன்றுக்கு ஊற்றினாள் என்று விடுமுறை முடிந்து வந்தபோது சொன்னான்.

இப்பயணத்தை அன்றே எழுத எண்ணி விட்டிருந்தேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியது. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டில் மண்சரிவுகள் வீடுகளையும் பாதைகளையும் விழுங்கின. செய்திகளில் நாம் சென்ற ஊர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அன்றிரவு அம்மாணவன் தொலைபேசியில் அழைத்து, “அந்தக் கொழுந்துக் கூடைப் பாட்டி எப்பிடி இருப்பாங்களோ, சேர்” என்றான். என்னிடம் விடையில்லை. அத்தகைய பெருமழைக்கு எந்தக் காடும் முழு அரணாக மாட்டாது. எனினும் வேர்கள் பிடித்த மலைச்சரிவு உறுதியாய் நிற்பதுபோல் வெறுமலை நிற்பதில்லை. காட்டை வெட்டியவர் ஒருவர். அதன் பயனை நுகர்ந்தவர் வேறொருவர். சரிவின் அடியில் லயன் அறையில் உறங்குபவரோ மூன்றாமவர். இதனை மாணவர் கணக்குப்போல் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மலைநாட்டுக்குச் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பாதை நிலைமையை முன்னரே விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். விடியற்காலையிற் செல்லுங்கள், கம்பளி உடையும் உறுதியான பாதணியும் கொள்ளுங்கள். உணவை வாழையிலையிற் கட்டுங்கள். ‘உலக முடிவை’ மஞ்சு மூடியிருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். சற்று அமர்ந்து அந்தச் சொட்டோசையைக் கேளுங்கள். எங்கோ ஓர் ஊரில் யாரோ குடிக்கப்போகும் நீர் அங்கே பிறந்துகொண்டிருக்கிறது.